பாத்துட்டுக் குடுக்கறேன்

அமிர்தியில் முதலை இருக்கிறது என்று டிரைவர் அண்ணன் சொன்னதை அக்கா நம்பவில்லை. மலைக்காட்டுக்கும் முதலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாள். அண்ணன் காட்டிலாகா ஜீப் ஓட்டுகிறவர். வாரத்தில் பாதி நாள் அவருக்கு அமிர்திப் பக்கம்தான் வேலை. அங்கே கூண்டு கட்டி வளர்க்கிற மானையும் மயிலையும் தினம் பார்க்கிற மனிதர்.

"பொண்டாட்டிகிட்ட முதலையைப் பத்திப் பொய் சொல்லி எனக்கு இன்னாடி லாபம்?" என்று கேட்டுவிட்டு அவர் தூங்கப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் அக்கா புளிச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பினாள். பஸ் மாறி அமிர்திக்குப் போய், பார்த்துவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தாள். நான் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன்.

"இருக்குது," என்றாள். "தூங்குது."

அவ்வளவுதான். புருஷனிடம் தோற்றுப்போனோமே என்று அவள் முகத்தில் துளி வருத்தம் கிடையாது. முதலை இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் சரி. இருக்கிறதா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஜமுனாமரத்தூரில் எனக்கு முதல் வேலை, ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஓடு போட்ட நீளமான ஒரு கட்டடம் இருந்தது. அதில் மூன்று குடித்தனங்கள். ஒரு கோடியில் நான். மறுகோடியில் சொசைட்டியில் கணக்கு எழுதும் சாரும் அவர் மனைவியும் கைக்குழந்தையும். நடுவில் டிரைவர் வீடு. அக்காவுக்கு ஒரு பெயர் உண்டு, அழகான பெயர். ஆனால் அவள் புருஷனைத் தவிர யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மலை முழுக்க அவள் டிரைவர் வூட்டு அக்காதான்.

நான் குடி வந்த அன்றே அவளைத் தெரிந்துகொண்டேன். டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தால், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிறாள். நல்ல உயரம். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள்.

"வூட்டுக்காரர் உங்ககிட்ட இன்னா சொன்னாரு? ஜன்னல் தொறக்கும்னாரா?"

"ஆமாங்க."

உள்ளே வந்து ஜன்னலைத் தள்ளினாள். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். ஓட்டிலிருந்து மண் கொட்டியதே தவிர ஜன்னல் திறக்கவில்லை.

"தொறக்காது," என்று எனக்கு அறிவித்துவிட்டுப் போனாள். மறுநாள் ஒரு தச்சன் வந்தான். யார் சொல்லி வந்தான் என்று நான் கேட்கவில்லை.

இந்தக் குணத்தால் அவளுக்கு நஷ்டமும் உண்டு. ஒருமுறை சந்தையில் தேன் விற்க வந்த மலைக்காரர் ஒருவர், இது கொம்புத்தேன், நேற்றுத்தான் எடுத்தது என்றார். "எந்த மரம்? காட்டுங்க," என்றாள் அக்கா. அவரும் விளையாட்டுக்குத்தான் "வாம்மா" என்றிருப்பார். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் நடந்துவிட்டாள். மத்தியானம் திரும்பியபோது மேலுதடு பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது. கையில் தேன் பாட்டில்.

"கொம்புத்தேன்தான்," என்றாள், பாதி வாயால். "நல்ல மனுஷன். கேட்டதுக்கு மேலயே குடுத்துட்டு வந்தேன்." அதற்குப் பிறகு அந்த மலைக்காரர் சாமை கொண்டு வந்தாலும் புளி கொண்டு வந்தாலும் முதலில் எங்கள் வாசலில் வந்து நின்று, "அக்கா, பாக்கறியா?" என்று கேட்பார். அவருக்குப் பார்க்கப்படுவதில் ஒரு பெருமை வந்துவிட்டது.

எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரருக்கு அந்தப் பெருமை வர நாளாயிற்று.

அவர் ஒடுகத்தூர்க்காரர். மலையில் புளியும் சாமையும் வாங்கிக் கீழே கொண்டுபோய் விற்பவர். குடும்பம் ஒடுகத்தூரில். இவர் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் தங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வீட்டுக்குப் போய்த் திங்கட்கிழமை வருவார். ஒவ்வொரு மாதமும் ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டுவார். வாடகை, அதற்குக் கீழே தண்ணி, கூட்டும் கூலி, கரண்டு. அந்த மூன்றையும் மூன்று குடித்தனத்துக்கும் சமமாகப் பங்கு போட்டிருப்பார். நானும் சொசைட்டி சாரும் அதைப் படிக்காமலே காசைக் கொடுத்துவிடுவோம். சார் மட்டும் அவர் போன பிறகு கொஞ்ச நேரம் திட்டுவார்.

அக்கா வாடகையை மட்டும் உடனே கொடுத்து ரசீது வாங்கிக்கொள்வாள். மீதிக்கு, "பாத்துட்டுக் குடுக்கறேன்."

முதலில் அவள் பார்க்கக் கேட்டது கூட்டும் கூலியை.

"இது யாருக்குங்ண்ணா?"

"கூட்றவங்களுக்கு."

"யாரு கூட்றாங்க?"

அவர் தாழ்வாரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். பளிச்சென்று இருந்தது. "அதான் கூட்டி இருக்குதே!"

"நான்தான் கூட்னேன். அப்ப அந்தக் காசை எனக்குக் குடுங்க."

அடுத்த மாதச் சீட்டில் அந்த வரி இல்லை.

தண்ணீரில் அவள் வேறு மாதிரி நடந்துகொண்டாள். வீட்டுக்காரர் விறைப்பாக அவளைக் கிணற்றடிக்கு அழைத்துப்போனார். மோட்டாரைக் காட்டினார், சரிசெய்த இடத்தைக் காட்டினார், காலையில் வந்து தொட்டி நிரப்பிவிட்டுப் போகிற ஆளையும் கூப்பிட்டுக் காட்டினார். அக்கா அந்த ஆளிடம் கூலி ஒழுங்காக வருகிறதா என்று கேட்டாள். வருகிறது என்றான். திரும்பி வந்து, இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து அங்கேயே காசைக் கொடுத்தாள்.

"தண்ணிக் காசு நாயம்தான் சார். அதுக்குத் திட்டாதீங்க," என்று சொசைட்டி சாரிடம் சொன்னாள். சாருக்கு முகம் சுருங்கிவிட்டது. திட்டுவதற்கு அவருக்கு இருந்த மூன்றில் இரண்டு போய்விட்டது.

மிச்சம் கரண்டு. அது மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே இருந்தது. மூன்று குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே மீட்டர். ரீடிங் எடுக்கிறவர் எழுதிவிட்டுப் போகும் அட்டை வீட்டுக்காரரிடம் இருக்கும். அக்கா அட்டையைக் கேட்டாள். கடையில் இருக்கிறது என்றார். கடைக்குப் போனாள். ஒடுகத்தூரில் இருக்கிறது என்றார்.

"ஒடுகத்தூர்ல அதுக்கு இன்னா வேலை?" என்று என்னிடம் கேட்டாள். நல்லவேளை, ஒடுகத்தூருக்குப் பஸ் ஏறவில்லை. ரீடிங் எடுக்க ஆள் வரும்வரை காத்திருந்து, அவருக்கு மோர் கொடுத்து, மீட்டரைப் படிப்பது எப்படி என்று கேட்டாள். கண்ணாடிக்குள் படுக்கைவாட்டில் ஒரு சின்ன அலுமினியச் சக்கரம் இருக்கிறதே, அது சுற்றினால் கரண்டு ஓடுகிறது என்று அர்த்தம், எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் அது நின்றுவிட வேண்டும் என்றார் அவர். அக்காவுக்குக் கரண்டைப் பற்றி அதற்கு மேல் எதுவும் தெரியாது. அது போதுமானதாக இருந்தது.

கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை. நாலு நாளாக விடாத தூறல். குளிர் எலும்பில் இறங்கியிருந்தது. அக்கா மூன்று வீட்டுக் கதவையும் தட்டி, "எல்லாத்தையும் அணைச்சிட்டு வெளிய வாங்க," என்றாள்.

சொசைட்டி சார் ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டே நிமிஷம்மா. அவுட் ஆயிடுவான்."

"அணைங்க சார். அவன் அப்பறமும் அவுட் ஆவான்."

அமிர்திக்கு வேலைக்குப் போயிருந்த டிரைவர் அண்ணனைத் தவிர, மூன்று குடித்தனமும் மீட்டர் பெட்டிக்குக் கீழே கூடி நின்றோம். சாரின் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"யார் வூட்லயோ எரியுது," என்றாள் அக்கா. ஒவ்வொரு வீடாக நுழைந்தாள். என் அறையில் முருகன் படத்துக்கு மேல் ஒரு சிவப்பு பல்பு எரிந்தது. சாமிக்குப் போட்டதை எப்படி அணைப்பது என்று விட்டிருந்தேன். "சாமி கொஞ்ச நேரம் இருட்ல இருப்பாரு," என்று அணைத்துவிட்டு வந்தாள்.

சக்கரம் நிற்கவில்லை. சாவகாசமாக, கறுப்புப் புள்ளியைக் காட்டிக் காட்டிச் சுற்றியது.

"மீட்டர் கெட்டுப்போயிருக்கும்," என்றார் சார்.

"கெட்டுப்போயிருந்தா கெட்டதைப் பாப்போம்." அவள் அண்ணாந்து கம்பியைப் பார்த்தாள். மெயின் சுவிட்சிலிருந்து மூன்று வயர் மூன்று வீட்டுக்குள் போயின. நாலாவதாக ஒரு கறுப்பு வயர் ஓட்டோரமாக ஓடி, பின்சுவரைத் தாண்டி, அவரைப் பந்தலுக்குள் புகுந்தது. அக்கா அதன் பின்னால் போனாள். அவள் பின்னால் நாங்கள், சேற்றில் வழுக்கிக்கொண்டு.

பந்தலுக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரரின் புளிக் கொட்டகை. கதவைக் கயிற்றால் கட்டியிருந்தது. உள்ளேயிருந்து மழைச் சத்தத்துக்கு மேல் கீச்சுக் கீச்சென்று ஒரு பெரிய சத்தம். அக்கா கயிற்றை அவிழ்த்தாள்.

மூங்கில் பாயை வட்டமாக நிறுத்தி, நடுவில் இரண்டு பெரிய பல்புகளைத் தாழ்வாகத் தொங்கவிட்டிருந்தார். அந்த வெளிச்சத்துக்குக் கீழே, மஞ்சள் மஞ்சளாக, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கோழிக்குஞ்சுகள். நாட்டுக்கோழி இல்லை, சீமைக்கோழி. அந்த மலைக்குளிரில் பல்புச் சூட்டில்தான் பிழைத்திருந்தன. ராத்திரி பகலாக, எங்கள் காசில்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சாருக்குக் கோபம் வந்தது. "புடுங்கு அந்த வயரை!" என்று பாய்ந்தார். அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"செத்துப்பூடும் சார்."

அப்போதுதான் வீட்டுக்காரர் வந்தார். ஊருக்குக் கிளம்பியவர், வெள்ளை வேட்டி, கையில் பை. "யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?"

"சக்கரம் சுத்துது. பாக்க வந்தோங்ண்ணா," என்றாள் அக்கா.

அவருக்கு முகம் கறுத்தது. மாட்டிக்கொண்ட மனிதனுக்கு வருகிற கோபம் அது. கத்த ஆரம்பித்தார். வயரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் இடத்தில் இருந்துகொண்டு என்னையே வேவு பார்க்கிறீர்களா என்றார். "புடிக்கலைன்னா காலி பண்ணுங்க! மூணு பேரும்! அடுத்த மாசம் எவனும் இங்க இருக்கக்கூடாது!" விறுவிறுவென்று நடந்து, மெயின் சுவிட்சுக்குப் போய், வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இருட்ல கெடங்க. அப்பத் தெரியும்." பஸ் ஹாரன் அடித்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

அந்தக் காலத்தில் ஜமுனாமரத்தூரில் வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. தனியாக இருக்கிற பெண்ணுக்கு அதுவும் கிடையாது. கலசப்பாக்கத்தில் என் அப்பா, பெண் மலையில் போய் வேலை பார்ப்பதா என்று இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வீடு போனது என்று தெரிந்தால், வேலையை விட்டுவிட்டு வா என்பார். சாரும் அடங்கிப்போய், நாளைக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றார். நான் தலையாட்டினேன்.

"வாடகை குடுத்துக்கீறோம், ரசீது வாங்கிக்கீறோம்," என்றாள் அக்கா. "காலி பண்ணுன்னா காரணம் சொல்லணும் இல்ல? குஞ்சுக்கு நாம கரண்டுக் காசு குடுக்கலைன்றதா காரணம்? சொல்லட்டும், கேப்போம்." குடியிருப்பவர்களுக்குக் கரண்டை நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை என்று வெகுநாள் கழித்து ஒரு வக்கீல் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்காவுக்கு அன்று அதெல்லாம் தெரியாது. பேசிக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள்.

"டீச்சரு, அவரு புடுங்குனது எல்லாத்துக்கும் சேர்த்த கட்டைதானே?"

நான்காவது வயருக்கும் சேர்த்துத்தான்.

சார் கைதட்டிச் சிரித்தார். "அவன் வெட்டின குழியில அவனே வுழட்டும்!"

"வுழறது அவரில்லியே சார். குஞ்சுதானே," என்று அக்கா திரும்பி நடந்தாள்.

கொட்டகை இருட்டாக இருந்தது. குஞ்சுகள் கத்துவதை விட்டுவிட்டு ஒரு மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அடியில் இருந்தவை நசுங்கிக்கொண்டிருந்தன. தீனி போடுகிற ஆள் மறுநாள் காலையில்தான் வருவான். வயரை நேராகச் சேர்த்து முறுக்கிவிடலாமா என்று சார் கேட்டார். "தெரியாத வேலையில கை வெக்காதீங்க, குழந்தை இருக்குது," என்று அக்கா தடுத்துவிட்டாள். முறத்திலும் கூடையிலுமாக அள்ளி அள்ளி அக்கா வீட்டு அடுப்பங்கரைக்குக் கொண்டுவந்தோம். கரி நெருப்பை மண்சட்டிகளில் போட்டுச் சாம்பல் மூடி வைத்தாள். பழைய புடவைகளை வளைத்துத் தடுப்புக் கட்டினாள். சாரின் மனைவி குழந்தைக்கு ஒத்தடம் கொடுக்கிற வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்தாள். கடைசியில் சாரே எங்கிருந்தோ ஒரு கோணி உமியைத் தூக்கிக்கொண்டு வந்து, யாரையும் பார்க்காமல் கீழே வைத்தார்.

குஞ்சுகள் சூடேறி மறுபடி கத்த ஆரம்பித்தபோது எங்களுக்கு வந்த சந்தோஷத்தை இப்போதும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அது எங்களைக் காலி பண்ணச் சொன்னவருடைய சொத்து. அதைப் பற்றி யாருக்கும் ஞாபகமே இல்லை.

வீட்டுக்காரர் மறுநாள் முதல் பஸ்ஸில் வந்தார். சட்டையைத் துவைக்கப் போட்ட அவர் மனைவி, "பைல இன்னாது இது, பீங்கான்?" என்று நீட்டியபோதுதான் அவருக்கு உறைத்ததாம். பஸ் நிற்பதற்கு முன்பே குதித்துக் கொட்டகைக்கு ஓடினார். நான் பள்ளிக்கூடம் கிளம்பி வாசலில் நின்றிருந்தேன். காலியான மூங்கில் வட்டத்துக்குள் அவர் நிற்பது பந்தல் வழியாகத் தெரிந்தது. அசையவே இல்லை.

அக்கா குரல் கொடுத்தாள். "அண்ணா, இங்க வாங்க."

அடுப்பங்கரை வாசலில் வந்து பார்த்தவர், நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார்.

"ரெண்டு போயிடுச்சு. மத்தது எல்லாம் இருக்குது. எண்ணிப் பாத்துக்குங்க."

"வேணாம்மா."

"வேணாம்னா எப்டி? நான் சொன்னதை நம்பி எடுத்துக்கினு போவீங்களா? நாளைக்கு ஒரு கொறை வந்தா? எண்ணுங்க."

அவர் எண்ணினார். குஞ்சுகள் ஓடின. கணக்கு தவறியது. மறுபடி எண்ணினார். ஒன்று அவர் வேட்டிக்குள் புகுந்துகொண்டது. அவர் சிரிக்க ஆரம்பித்தார், பிறகு சிரிப்பை நிறுத்த முடியாமல் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"வேலூர் ஓட்டலுங்களுக்குக் கோழி குடுக்கலாம்னு ஒருத்தன் சொன்னான்மா," என்றார் துண்டுக்குள்ளிருந்து. "கடன் வாங்கிப் போட்டேன். ரெண்டு பல்புதானேன்னு நெனச்சேன். மூணு வூட்லயும் பிரிஞ்சா தெரியாதுன்னு..."

"தெரிஞ்சுது," என்றாள் அக்கா. பிறகு அவளே தொடர்ந்தாள்:

"அந்த செத்துப்போன ரெண்டுக்கும் காசு கழிச்சுக்கறதுன்னா கழிச்சுக்குங்க. எங்க கையில இருந்தப்ப போனது."

"கட்டையைப் புடுங்குனது நானு. நீ எதுக்கும்மா குடுக்கணும்?"

அன்று சாயங்காலம் அட்டை வந்துவிட்டது. ஒடுகத்தூரிலிருந்து அல்ல, கடைக் கல்லாவிலிருந்து. கொட்டகைக்குத் தனி மீட்டர் வருகிறவரைக்கும், குஞ்சு வருவதற்கு முந்தைய மாதத்தில் எவ்வளவு ஆனதோ அதையே நாங்கள் கொடுப்பது, அதிகம் வாங்கியதை வரும் மாதங்களில் கழித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. காலி பண்ணுகிற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. மாதம் பிறந்தால் வீட்டுக்காரர் சீட்டை நீட்டுவதற்கு முன்னால் அட்டையை நீட்டுவார், வா பார் என்கிற மாதிரி. அந்த மலைக்காரருக்கு வந்த பெருமை இவருக்கும் வந்துவிட்டது.

என் கல்யாணத்தையும் அக்கா பார்த்துவிட்டுத்தான் நடத்தினாள். போளூரில் மாப்பிள்ளை, சொந்தமாக அரிசி மில் என்று தரகர் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். அக்கா யாரிடமும் சொல்லாமல் போளூருக்கு ஒரு நடை போய்வந்தாள்.

"மில்லு இருக்குது. அந்தப் புள்ள அதுல வேலை செய்யுது. மில்லு அதோடது இல்ல."

நான் திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடி வைத்தேன்.

"அதுங்கிட்டயே கேட்டேன். தரகரு இப்டி சொல்லிக்கீறாருன்னு அதுக்கே தெரியாது. மூஞ்சி செத்துப்போச்சு. மூட்டையை எறக்கி வெச்சிட்டு, உங்க டீச்சர்கிட்ட இல்லன்னு சொல்லிடுங்கன்னுச்சு. நல்ல புள்ளடி," என்றாள். அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

டிரைவர் அண்ணனுக்குத் திடீரென்று மாற்றல் வந்தது, தெற்கே எங்கேயோ. ஒரு காலையில் லாரி வந்து நின்றது. பாத்திரம், கட்டில், அம்மி எல்லாம் ஏறின. வீட்டுக்காரர் கடையை விட்டு வந்து ஓரமாக நின்றிருந்தார். அக்கா சாவியைக் கொண்டுவந்தாள். அவர் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"உள்ள போய்ப் பாருங்ண்ணா. செவுத்துல ஆணி அடிச்ச எடம், அடுப்பு மேடை, எல்லாம். சேதாரம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க, குடுத்துட்டுப் போறோம்."

"உன் வூட்டை நான் பாக்கணுமாம்மா? குடு சாவியை."

"பாருங்க."

டிரைவர் அண்ணன் லாரியிலிருந்து, "பாத்துடுங்க சார், இல்லன்னா இவ ஏறமாட்டா," என்றார்.

வீட்டுக்காரர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனார். வெறும் வீடு. அவர் காலடிச் சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. வெகுநேரம் ஆயிற்று. லாரிக்காரன் ஹாரன் அடித்தான். வெளியே வந்து, "எல்லாம் சரியா இருக்குது," என்றார். அக்கா அவர் கையில் சாவியை வைத்தாள். என் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகி, லாரியில் ஏறிக்கொண்டாள்.

லாரி வளைவில் திரும்பி மறைந்தது. வீட்டுக்காரர் சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு எழவும் பாக்கல டீச்சர்," என்றார். "கண்ணு எங்க தெரிஞ்சுது?"